ஹட்டனில் ஒரு தொலைக்காட்சித் திருத்தகம்: திருத்திய பழுது திரும்பி வந்தபோது

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் தொலைக்காட்சிப் பெட்டி, ரைஸ் குக்கர், கிரைண்டர், கைத்தொலைபேசி ஆகியவற்றைத் திருத்திக் கொடுக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களில் பழுதாகும் பொருள்களில் பெரும்பாலானவை அங்கேதான் வந்து சேருகின்றன. அக்கடைகளுள் ஒன்றில் எங்கள் வீட்டு 32 அங்குல எல்.ஈ.டி. தொலைக்காட்சியைத் திருத்தக் கொடுத்தோம். காசு வாங்கிக்கொண்டு தீர்த்துவைத்த அதே பழுது, அவர்களே எழுதிக் கொடுத்த உத்தரவாதக் காலத்துக்குள் மறுபடியும் வந்தது. அக்கடையின் கைவேலையைப் பற்றியும், வேலை பொய்த்தபோது அது நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும், அத்தகைய நேரத்தில் பாவனையாளருக்குச் சட்டம் தரும் பிடிமானத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வழக்கம் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று என்பது ஒரு காரணம். இழுபறிக்குப் பின்னர் அவர்கள் இறங்கிவந்தார்கள் என்பது மற்றொன்று.

பழுது இதுதான்: தொலைக்காட்சியைப் போட்டால் சத்தம் தெளிவாகக் கேட்கும், சனல் மாற்றினால் சத்தமும் மாறும், ஆனால் திரை கறுப்பாகவே இருக்கும். இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், செய்தி வாசிப்பவரின் முகம் சாம்பல் நிறத்தில் மங்கலாக அசைவது தெரியும். படம் உருவாகிறது, அதற்குப் பின்னால் வெளிச்சம்தான் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. கடைக்காரர்கள் இதை ‘பேக்லைட் போயிருச்சு’ என்பார்கள். சில வருடங்கள் ஓடிய எல்.ஈ.டி. தொலைக்காட்சிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பழுது இது.

பெட்டியை ஏற்றுக்கொண்ட முறையில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. காத்திருக்க வைக்கவில்லை, போட்டுப் பார்த்து, டோர்ச் அடித்துக் காட்டி, இன்ன பழுது என்று சரியாகவே சொன்னார்கள். 9,500 ரூபா கேட்டார்கள். சொன்ன நாளில் வேலையை முடித்தும் கொடுத்தார்கள். மலையகத்தின் திருத்தகங்களில் ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. ஆனால் அவர்கள் தந்த பற்றுச்சீட்டை வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோது, அதில் ‘டி.வி. ரிப்பெயார்’ என்ற இரண்டு சொற்களும், தொகையும், திகதியும், ‘3 மாத உத்தரவாதம்’ என்று ஊதா மையில் குத்திய முத்திரையும் மட்டுமே இருந்தன. எந்தப் பழுதுக்காகக் கொடுத்தோம், எந்தப் பாகம் மாற்றப்பட்டது, உத்தரவாதம் எதற்கு என்ற விவரம் ஒன்றும் இல்லை. அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் சில நிபந்தனைகள் அச்சாகியிருந்தன: மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், ஈரம், பூச்சி ஆகியவற்றால் வரும் பழுதுகளுக்கு உத்தரவாதம் செல்லாது என்பது அவற்றின் சாரம். பெரும்பாலும் தமிழிலும் சிங்களத்திலும் பேசி வியாபாரம் செய்யும் ஒரு கடை, தன் பொறுப்பைக் கழற்றிவிடும் வரிகளை மட்டும் ஆங்கிலத்தில் வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

9,500 ரூபா என்பது இங்கே எவ்வளவு பெரிய தொகை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 செப்டெம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளருக்குத் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒருவர் ஏழு நாள் கொழுந்து எடுத்த கூலி இந்த ஒரு திருத்தத்துக்குப் போகிறது. தொலைக்காட்சியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவு இதற்கு வெளியே. பெட்டியை பஸ்ஸில் படுக்க வைத்துக் கொண்டுபோனால் வளைவுகளில் பனல் வெடித்துவிடும் என்ற பயத்தில் ஓட்டோ பிடிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டோவிலும் ஒருவர் பின்னால் அமர்ந்து அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஆகவே இப்பகுதியில் ஒரு பழுது இரண்டாம் முறை வருவது வெறும் எரிச்சலோடு முடிகிற காரியமில்லை. முதல் முறை செய்த செலவு முழுவதும், பாதையோடு சேர்த்து, இரட்டிப்பாகிறது.

சில வாரங்களில் அதே கறுப்புத் திரை, அதே சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால் அதே சாம்பல் நிறப் படம். பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனேன். முதலாளி சீட்டைப் பார்த்தார், முத்திரையையும் பார்த்தார். உத்தரவாதம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அவர் சொன்ன பதில் வேறு மாதிரியானது: “தம்பி, நாங்க போட்டது நல்லாத்தான் எரியுது. இப்ப போயிருக்கிறது வேற பல்ப். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.” புதிய பழுது என்பதால் மேலும் 4,500 ரூபா ஆகும் என்றார்.

இந்தப் பதிலை ஏமாற்று என்று உடனே தள்ளிவிட முடியாது. அது பாதி உண்மை என்பதால்தான் பலர் வாயடைத்துப்போய்க் காசைக் கட்டுகிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்பதை விளங்கிக்கொள்ள, திரைக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றில், பனலுக்குப் பின்னால் ஒடுக்கமான இரண்டு அல்லது மூன்று பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் சிறிய எல்.ஈ.டி. மின்குமிழ்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி போன்ற ஒரு லென்ஸ் ஒட்டப்பட்டிருக்கும். இம்மின்குமிழ்கள் தொடர் இணைப்பில் உள்ளவை. அதாவது ஒன்றின் வழியாகப் போகும் மின்னோட்டம்தான் அடுத்ததற்கும் போகிறது. ஒரே ஒரு மின்குமிழ் அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். கட்டுப்படுத்தும் சுற்று அதைக் கண்டுகொண்டு பேக்லைட்டை மொத்தமாக நிறுத்திவிடுவதும் உண்டு. ஒரு சிறு மின்குமிழ் போனதற்குத் திரை முழுவதும் கறுப்பாவது இதனால்தான்.

இதைத் திருத்துவதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. செத்த மின்குமிழை மட்டும் மாற்றலாம். அது இருக்கும் பட்டையை மாற்றலாம். பட்டைகள் அத்தனையையும் ஒரே தொகுதியாக மாற்றலாம். முதலிரண்டும் மலிவு. ஆனால் எல்லா மின்குமிழ்களும் ஒரே நாளில் எரியத் தொடங்கி, ஒரே அளவு சூட்டில் வெந்து, ஒரே அளவு வயதானவை. ஒன்று செத்தால் மற்றவையும் அதே வாசலில்தான் நிற்கின்றன. பழைய பட்டைகளுக்கு நடுவே புதிய பட்டை ஒன்றை மட்டும் இட்டால், தொலைக்காட்சி அன்றைக்கு எரியும். அடுத்து எது போகும், எப்போது போகும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. இத்தொழிலைச் செய்பவர் எவருக்கும் இது தெரியாத விஷயமன்று.

பெட்டியை என் கண்முன்னால் திறக்க வேண்டும் என்று கேட்டேன்; முதலாளி சற்று முகம் சுளித்தாலும் சம்மதித்தார். திறந்தவர் அங்கே வேலை செய்யும் ஓர் இளைஞர். கைத்திறன் உள்ளவர் என்பது அவர் பனலைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது: அதன் ஓரத்திலுள்ள மெல்லிய நாடாக்களில் விரல் படாமல், துணி விரித்த மேசைமேல் சாய்த்து வைத்தார். வெள்ளைத் தாள்கள் ஒவ்வொன்றாக நீங்கியதும் பட்டைகள் தெரிந்தன. மேலே இருந்த ஒன்று பால் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. கீழே இருந்த இரண்டும் தேநீர்க் கறை படிந்த துணியின் நிறத்தில் மஞ்சளாகி, மின்குமிழ்களைச் சுற்றிக் கருகல் வளையங்களோடு கிடந்தன. சோதனைக் கம்பியை அவர் ஒவ்வொரு மின்குமிழிலும் வைத்துக்கொண்டே வர, கடைசிப் பட்டையின் நடுவில் ஒன்று மட்டும் எரியவில்லை. முதலாளி சொன்னது உண்மைதான்: அவர்கள் போட்ட பட்டையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த இளைஞர் குரலைத் தாழ்த்தி, “இதையும் அப்பவே மாத்தியிருக்கலாம்ண்ணே” என்று சொன்னதும் உண்மை.

என் கருத்தில் இவ்வழக்கின் முழுச் சாரமும் அந்த இரண்டு உண்மைகளுக்கு இடையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் திருத்தகத்துக்குக் கொண்டுபோவது ஒரு மின்குமிழை அன்று. படம் தெரியாத ஒரு தொலைக்காட்சியை. 9,500 ரூபா கொடுத்து அவர் வாங்குவது ஒரு பட்டையையும் அன்று. படம் தெரியும் நிலையை. ஆகவே பழுது ‘அதேதானா’ என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியது பாகத்தின் பெயரில் அல்ல, கொண்டுவந்தபோது சொல்லப்பட்ட முறைப்பாட்டில். கடைக்காரர் பாகத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு மின்குமிழும் ஒவ்வொரு புதிய பழுதாகி, 3 மாத உத்தரவாதம் என்பது நடைமுறையில் எதற்கும் பொறுப்பேற்காத முத்திரையாகிவிடும். அதே நேரத்தில் வாடிக்கையாளரும் எல்லை தாண்டக் கூடாது. பேக்லைட்டைத் திருத்திய கடையிடம், ரிமோட் வேலை செய்யவில்லை என்றோ சத்தம் வரவில்லை என்றோ அதே உத்தரவாதத்தைக் காட்டி வாதிட முடியாது.

முதலாளியின் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. முழுத் தொகுதியையும் மாற்றுவதென்றால் 13,000 ரூபாவுக்கு மேல் ஆகும் என்றும், அந்த விலையைச் சொன்னால் தோட்டத்திலிருந்து வருபவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள் என்றும், குறைந்த விலையில் வேலை முடிப்பவனே இங்கே பிழைக்க முடியும் என்றும் அவர் சொன்னார். நான் அறிந்த அளவில் இது பொய்யில்லை. ஆனால் மலிவான வழியைத் தெரிவு செய்வது வாடிக்கையாளருடைய வேலை. அவருக்குத் தெரியாமல் அவருக்காகக் கடை தெரிவு செய்ய முடியாது. ‘ஒரு பட்டை மாற்றினால் இவ்வளவு, மற்றவை பழையவை, எப்போதும் போகலாம், முழுதும் மாற்றினால் இவ்வளவு’ என்று இரண்டு விலையையும் சொல்லியிருந்தால், நாங்கள் மலிவானதை எடுத்திருந்தாலும் அதன் பின்விளைவு எங்களுடையது. அந்த இரண்டு வரியைச் சொல்லாமல் விட்டதைத்தான் நான் இக்கடையின் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

சட்டமும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, வியாபாரமாகச் சேவை வழங்கும் ஒருவர் பாவனையாளரோடு செய்யும் உடன்பாட்டில், எழுதப்படாவிட்டாலும் இரண்டு உத்தரவாதங்கள் அடங்கியிருப்பதாகக் கொள்ளப்படும்: சேவை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்யப்படும் என்பது ஒன்று, அச்சேவையோடு தரப்படும் பொருள்கள் எந்த நோக்கத்துக்காகத் தரப்படுகின்றனவோ அதற்கு நியாயமான அளவில் ஏற்றவையாக இருக்கும் என்பது மற்றொன்று. ஊதா முத்திரை குத்தப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை இருக்கின்றன. எங்கள் தொலைக்காட்சியின் விஷயத்தில் இரண்டாவதில் குறையில்லை. புதிய பட்டை நன்றாகவே எரிந்தது. கேள்வி முதலாவதைப் பற்றியது. கருகிய இரண்டு பட்டைகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடி, திருத்தியாயிற்று என்று கொடுப்பது ‘உரிய கவனம்’ ஆகுமா? ஆகாது என்பதே என் வாதம். அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடைசெய்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். எனினும், வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை என்பதால் அதை நான் கையில் எடுக்கவில்லை.

உத்தரவாதத்துக்கு மாறாக நடந்த வியாபாரியைப் பற்றிய முறைப்பாட்டை அதிகாரசபை விசாரிப்பதற்கு 13ஆம் பிரிவு வழிசெய்கிறது. விசாரணையின் முடிவில் நட்டஈடு வழங்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். மேலும் அப்பிரிவு, பொருளை விற்ற அல்லது சேவையை வழங்கிய நாளிலிருந்து 3 மாதம் என்ற காலவரையறையையும் குறிப்பிடுகிறது. திருத்த வேலைகளைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பழுது இரண்டாம் முறை வந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது; முதல் பற்றுச்சீட்டின் திகதியிலிருந்தே நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ‘சாமான் கொழும்பிலிருந்து வரணும்’, ‘பாஸ் லீவு’, ‘பொங்கல் முடியட்டும்’ என்று தவணை சொல்லும் கடை வேண்டுமென்றே செய்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு தவணையும் வாடிக்கையாளரின் காலத்திலிருந்துதான் கழிகிறது. வாய்ப்பேச்சில் நம்பிக்கை வைத்துக் காத்திருப்பதோடு, ஒரு கடிதத்தையும் கொடுத்து வைப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்ததாக, மலைநாட்டுத் திருத்தகங்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு சமாதானத்தையும் பார்க்க வேண்டும். எதற்கெடுத்தாலும் ‘கரண்ட் கூடிக் குறையுது’ அல்லது ‘இடி விழுந்திருக்கும்’ என்பார்கள். எங்களிடமும் முதலில் அதைத்தான் சொல்லிப் பார்த்தார்கள். கையோடு ஒரு மின்காப்புக் கருவியையும் விற்கப் பார்த்தார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் இங்கே அதிகம் என்பதும், லயன்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பழைய வயரிங்கில் மின்னழுத்தம் நிலையாக இருப்பதில்லை என்பதும் யாவரும் அறிந்தவை. ஆனால் எல்லாப் பழுதையும் அதன் தலையில் கட்ட முடியாது. மின்னல் தாக்கினால் பெரும்பாலும் போவது மின்வழங்கிப் பலகை, அல்லது டிஷ் வயரும் மற்றக் கேபிள்களும் வந்து சேரும் பக்கம். பேக்லைட் மின்குமிழ்களுக்குச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராகப் போவதில்லை. இடையிலுள்ள சுற்று மின்னோட்டத்தைச் சீராக்கித்தான் அனுப்புகிறது. பல தொலைக்காட்சிகளின் பின்புற ஒட்டுச்சீட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சாகியிருப்பதைப் பார்த்தாலே, மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கி ஏறுவதைத் தாங்கும்படி அது செய்யப்பட்டிருப்பது விளங்கும். ஒட்டுமொத்தத்தில், மற்றெல்லாம் நன்றாக இருக்க ஒரு பட்டையின் நடுவில் ஒரு மின்குமிழ் மட்டும் கருகிக் கிடந்தால் அதற்கு மூப்பும் சூடும்தான் முதற்காரணம். மின்னல் என்று சொல்லும் கடைக்காரரிடம், எந்தப் பாகத்தில் அதன் அடையாளம் தெரிகிறது என்று காட்டச் சொல்லலாம். எங்கள் விஷயத்தில் பெட்டியைத் திறந்த பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

இதுவரை சொன்னது உத்தரவாதம் முடிந்த ஒரு பொருளைக் காசு கொடுத்துத் திருத்துவதைப் பற்றியது. புதிதாக வாங்கிய பொருள் விற்றவரின் உத்தரவாதத்துக்குள் இருக்கும்போது அதே பழுது திரும்பத் திரும்ப வந்தால் நிலைமை வேறு. அங்கே பொறுப்பு விற்றவரிடமும் உற்பத்தியாளரிடமும் தொடர்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் முதலே, விற்கப்படும் பொருள் அதன் நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இத்தனை முறை திருத்திய பின் புதியதாக மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணிக்கை எதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வகுக்கவில்லை. பிரித்தானியாவில் உறவினர் உள்ளவர்கள் அங்கே ஒரு முறைதான் என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். அங்குள்ள 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், ஒரு முறை திருத்தியும் குறை நீங்காவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கவோ பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ உரிமை அளிக்கிறது. அந்தக் கணக்கை இங்கே கடையில் சொல்லிப் பயனில்லை. நம் நிலத்தில், ஒவ்வொரு திருத்தத்துக்கும் திகதியோடு கூடிய எழுத்துச் சான்று சேர்ந்துகொண்டே போவதுதான் மாற்றிக் கேட்பதற்கான பலம். ஆகவே ‘உத்தரவாதத்தில்தானே, சீட்டு எதற்கு’ என்று சொல்லும் சேவை நிலையத்திடம், இலவசத் திருத்தத்துக்கும் வேலைச் சீட்டைக் கேட்டு வாங்குவது முக்கியம். கண்டி வரை பெட்டியைச் சுமந்துபோய் வெறுங்கையோடு திரும்புபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் அதிகாரசபைவரை போகவில்லை. போக வேண்டிய தேவை வரவில்லை. கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் முதல் திருத்தத்தின் திகதியும் தொகையும், முதலில் சொன்ன முறைப்பாடு, இரண்டாம் முறை வந்த முறைப்பாடு, இரண்டும் ஒன்றே என்பது, பெட்டியைத் திறந்தபோது கண்டது, 32ஆம் பிரிவு, நான் கேட்பது ஆகியவை மட்டும் இருந்தன. நான் கேட்டது மீதிப் பட்டைகளை மேலதிகக் கட்டணமின்றி மாற்றித் தருவதும், அந்நாளிலிருந்து புதிதாக 3 மாத உத்தரவாதம் எழுதித் தருவதும். கோபமான வார்த்தை ஒன்றும் சேர்க்கவில்லை. பிரதியை வைத்துக்கொண்டு, மூலத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையில் கொடுத்தால் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்ல இடமுண்டு; தபால் கந்தோரின் சீட்டு இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. பதில் வராவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழிகேட்டு, மாவட்டச் செயலகத்தில் முறைப்பாட்டைக் கொடுப்பது என்பது அடுத்த படியாக இருந்தது. தமிழும் அரச கரும மொழி என்பதால் அதைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்; ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைந்து அதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இத்தகைய சிறிய தொகைப் பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபையும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அச்சபைகளில் சட்டத்தரணி வைத்து வாதாட வேண்டியதில்லை. பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுகின்றன. ஆனால் அங்கே எடுக்கப்படுவது தீர்ப்பன்று, இரு தரப்பும் சம்மதிக்கும் இணக்கம். முகம் கொடுத்துப் பேசத் தயாராக உள்ள கடைக்காரருக்கு அது ஏற்ற இடம். சிரித்துக்கொண்டே கையை விரிப்பவருக்கு அதிகாரசபையின் கடிதம்தான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கடிதம் போய்ச் சேர்ந்த பின் முதலாளியே தொலைபேசியில் அழைத்தார். முதலில் பட்டைகளுக்கான விலையை மட்டும் தரச் சொன்னார், வேலைக்கூலி வேண்டாம் என்றார். முதல் நாள் இரண்டு விலையையும் சொல்லியிருந்தால் அந்த வித்தியாசத்தைத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது என்றும், இப்போது தர முடியாது என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். உத்தரவாதத்தைப் புதிதாக எழுதுவதில்தான் அதிகம் தயங்கினார். பழைய சீட்டின் மீதி நாள்கள் போதாதா என்று கேட்டார். மாற்றப்படும் பட்டைகள் இன்றைக்குப் போடப்படுபவை என்றால் அவற்றுக்கான உத்தரவாதமும் இன்றிலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. புதிய சீட்டில் ‘படம் தெரியாத பழுது; பேக்லைட் பட்டைகள் முழுவதும் மாற்றப்பட்டன; திரை கறுப்பானால் உத்தரவாதம் பொருந்தும்’ என்று அந்த இளைஞரே தமிழில் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தார். கழற்றிய பழைய பட்டைகளையும் ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார்கள். இதைக் கேட்டு வாங்குவது நல்ல வழக்கம். பாகம் மாற்றப்பட்டதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.

இரண்டாம் முறை செய்த வேலையின் தரம் திருப்தியானது. வெளிச்சம் திரை முழுவதும் ஒரே சீராக இருக்கிறது. பனலை மூடும்போது உள்ளே தூசியோ விரல் அடையாளமோ விழுந்தால் தெரியும் கறுப்புத் திட்டுகள் ஒன்றும் இல்லை. வலப்பக்கக் கீழ் மூலையில் மட்டும், வெள்ளைப் பின்னணி வரும்போது, ஒரு ரூபாக் குற்றி அளவில் கொஞ்சம் கூடுதலாகப் பளிச்சிடும் ஓரிடம் தெரிகிறது. ஒரு லென்ஸ் சரியாக ஒட்டவில்லை என்பது அதன் பொருள். கொண்டுவந்தால் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பனலை மறுபடி ஒருமுறை கழற்றுவதிலுள்ள ஆபத்து அந்தப் புள்ளியைவிடப் பெரியது என்பதால் நாங்கள் கொண்டுபோகவில்லை. பிரகாசத்தை 100இலிருந்து 60 அளவுக்குக் குறைத்து வைத்தால் மின்குமிழ்கள் நீண்ட நாள் உழைக்கும் என்று அந்த இளைஞர் சொன்னார். அது சரியான யோசனை. முதல் முறையே சொல்லியிருக்கலாம்.

இக்கடைக்கு மீண்டும் போவீர்களா என்று கேட்டால், ரைஸ் குக்கர், அயன், கிரைண்டர் போன்ற சிறு வேலைகளுக்குப் போவேன். விரைவும் கைத்திறனும் அங்கே இருக்கின்றன, வாங்கும் கூலியும் ஹட்டன் அளவுக்கு அதிகமில்லை. தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்ற பெரிய வேலைகளுக்குப் போவதென்றால், பழுது என்ன, மாற்றுவது எந்தப் பாகம், மாற்றாமல் விடுவது எது, உத்தரவாதம் எந்தப் பழுதுக்கு என்ற நான்கையும் சீட்டில் எழுதித் தரச் சம்மதித்தால் மட்டுமே பெட்டியை மேசையில் வைப்பேன். எழுத மறுத்தால், அதே தெருவில் வேறு கடைகளும் இருக்கின்றன.